ஹைலக்ஸ் எச்4-இல் மாட்டிக்கொண்டால் ஆயில் மாற்றினால் சரியாகுமா?

"டிஃப்ரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் எந்த ஆயில், எத்தனை லிட்டர்?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். (டிஃப்ரன்ஷியல் என்பது இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது இன்ஜின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.) அதற்கு மேலே எழுதியிருக்கும் பத்து வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. 2017 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.7 பெட்ரோல், டபுள் கேபின், கைமாறி உங்களிடம் வந்தபோது 1,42,000 கிலோமீட்டர். ஓமானில் ஜபல் அக்தர் மலையடியில் இருக்கும் பிர்கத் அல் மவ்ஸ் செக்போஸ்ட்டில் வண்டி ஃபோர் வீலா என்று போலீஸ் பார்த்து அனுப்பினார்கள். அப்படியானால் ஃபோர் வீல் போட்டுத்தான் ஏறவேண்டும்போல என்று எச்4-க்கு, அதாவது நாலு சக்கர ஓட்டத்துக்கு, சுவிட்சைத் திருகிவிட்டு ஜபல் அக்தர் ஏறினீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது, ஸ்டியரிங் கனத்தது, மேலே பார்க்கிங்கில் ஒடித்துத் திருப்பும்போது முன் டயர் குதித்துக் குதித்து வந்தது. எச்2-க்கு, அதாவது பின் சக்கர ஓட்டத்துக்கு, திருப்பினால் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கீழே இறங்கி ஓரத்துச் சரளையில் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்தபோது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டு விளக்கு அணைந்தது. மஸ்கட்டில் ஒரு கராஜில் காட்டினால் "டிரான்ஸ்ஃபர் போச்சு, இறக்கணும், 180 ரியால்" என்றார்கள். அந்த 180 ரியாலை ஆயில் மாற்றித் தப்பிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

பதில் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. ஊரில் ஐடிஐ மோட்டார் மெக்கானிக் முடித்து, ஓமானுக்கு வந்து 17 வருஷம் ஆகிறது. மஸ்கட்டில் முதலில் வாதி கபீர் பகுதி, இப்போது காலா. கான்ட்ராக்ட் கம்பெனிகளின் சைட் வண்டிகள்தான் என் கைக்கு அதிகம் வருபவை, அவற்றில் முக்கால்வாசி ஹைலக்ஸும் லேண்ட் க்ரூசர் பிக்கப்பும். ஏஜென்சியில் வேலை பார்த்தவன் இல்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்று வந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் அனுப்பிவிடுவேன். கியரும் பேரிங்கும் ஆயிலும் என்றால் நம்பிக்கையோடு பேசுவேன்.

உங்கள் வண்டியில் நடந்தது கோளாறு இல்லை. ஹைலக்ஸ் போன்ற வண்டியில் எச்4 போட்டதும், முன் பின் டிஃப்ரன்ஷியல்களுக்கு இழுப்பைக் கொண்டுபோகும் நீளத் தண்டுகளான முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாகவேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின் சக்கரங்கள் உள்ளே குறுக்கு வழியாகச் சின்ன வட்டத்தில் வருகின்றன. முன்னுக்கு அதிகச் சுற்று வேண்டும், பின்னுக்குக் குறைவாக வேண்டும். மணலிலும் சரளையிலும் அந்த வித்தியாசத்தை ஏதாவது ஒரு டயர் சறுக்கிக் கழித்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தார் ரோட்டில் டயர் சறுக்காது. கழிய வழியில்லாத அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டிலும் ஆக்ஸிலிலும் கியரிலும் முறுக்கமாக ஏறுகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் இன்னும் கொஞ்சம். தாங்க முடியாத அளவு ஏறியதும் டயர் ஒரு துள்ளல் துள்ளி முறுக்கைக் கழிக்கும், நீங்கள் பார்த்த குதிப்பு அதுதான். முறுக்கம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் பூட்டு வளையம் பல்லோடு இறுகிக் கிடக்கும், சுவிட்சைத் திருகும்போது அதை நகர்த்தும் சின்ன மோட்டார் இழுத்தாலும் நகராது. அதனால்தான் விளக்கு மினுக்கியது. சரளையில் ரிவர்ஸ் எடுத்ததும் முறுக்கு பிரிந்தது, வளையம் வழுக்கியது, "டக்". டிரான்ஸ்ஃபர் போயிருந்தால் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் சரளையில் விடாது.

உங்களோடு வந்த நண்பர் பிராடோவில் நாலு சக்கரமும் ஓட்டத்திலேயே ஏறினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிராடோவில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. அது அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஹைலக்ஸில் அது கிடையாது. ஜபல் அக்தர் ரோடு அடியிலிருந்து முடிவரை நல்ல தார், அங்கே ஹைலக்ஸுக்கு எச்2 போதும். போலீஸ் ஃபோர் வீல் கேட்பதற்கு, இறங்கும்போது பிரேக் சூடாகிப் போய் நடக்கும் விபத்துகள் ஒரு முக்கியக் காரணம். இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி வாருங்கள். அதற்காக எல்4 (மெதுவான நாலு சக்கர ஓட்டம்) போட்டுக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்காதீர்கள். எச்4-இல் பட்ட பாட்டைவிட அதிகம் படுவீர்கள்.

ஆக ஆயில் மாற்றினால் இது சரியாகாது, சரியாக வேண்டிய எதுவும் அங்கே இல்லை. இருந்தாலும் மூன்று இடத்து ஆயிலையும் மாற்றுங்கள் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் வேறு. கைமாறி வந்த வண்டி, சர்வீஸ் புத்தகத்தில் பழைய ஓனர் எஞ்சின் ஆயில் தவிர எதையும் பதியவில்லை, பழைய ஓனர் வாதிகளில் (மலைப் பள்ளத்தாக்கு ஓடைகளில்) இறக்குவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகவே ஒருமுறை திறக்கவேண்டும்.

எந்த ஆயில் என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் மூன்றுக்கும் ஒரே டின்னைத் திறந்து ஊற்றுவதுதான் நம் கராஜ் வழக்கம். டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான க்ரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஹைபாய்டு வகை. பினியன் க்ரவுனின் மையத்துக்கு நேரே வராமல் சற்றுத் தள்ளிப் பொருந்தியிருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று உரசி வழுக்கும். அந்த உரசலில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலந்ததுதான் ஜிஎல்-5 ஆயில். கியர் ஆயில் டின்னைத் திறந்ததும் வரும் அந்த அழுகிய முட்டை வாடை அந்தக் கந்தகத்தின் வாடைதான். இரண்டு டிஃப்ரன்ஷியலுக்கும் ஜிஎல்-5 தவிர வேறு எதுவும் கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹைபாய்டு கிடையாது. சாதாரணப் பல்சக்கரங்கள், பெரும்பாலும் ஒரு சங்கிலி, சின்னச் சின்ன பேரிங்குகள், அவ்வளவுதான். அதற்கு அந்தக் கந்தக மருந்து தேவையில்லை, எண்ணெய் மெலிதாக எல்லா இடுக்கிலும் போய்ச் சேருவதுதான் முக்கியம். டொயோட்டா கடந்த பத்துப் பதினைந்து வருஷ மாடல்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபருக்கென்றே எல்எஃப் 75டபிள்யூ என்று தனி ஆயில் கொடுக்கிறது, கையில் ஊற்றினால் தண்ணீர்போல் ஓடும். மற்ற கம்பெனிகளில் வழக்கம் வேறு. போர்க்வார்னர் செய்த டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சிவப்பு ஏடிஎஃப், பழைய இசுசு ட்ரூப்பரில் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் இன்ஜின் ஆயிலே ஊற்றுவோம். ஆகவே ஒரு வண்டியில் சரியாக இருந்தது என்று இன்னொன்றில் ஊற்றக்கூடாது. உங்கள் வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் டிரான்ஸ்ஃபர் ஆயில் என்று தனி வரி இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய் ஏஜென்சியின் பார்ட்ஸ் கவுண்டரில் காட்டுங்கள். வண்டியின் சேஸிஸ் நம்பரையும் காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள். கொஞ்சம் விலை கூடத்தான். ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் பிடிக்கும், அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

டிரான்ஸ்ஃபரில் ஏற்கெனவே யாரோ 90 நம்பர் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால் என்ன ஆகும்? இங்கே நான் அடித்துப் பேச மாட்டேன். அப்படி ஊற்றி ஒன்றரை லட்சம் ஓடிய சைட் வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், சங்கிலியும் பல்லும் நன்றாகவே இருந்தன. எச்4 விழ நேரமாகிறது, விட நேரமாகிறது என்று வந்த வண்டிகளில் ஆயிலை மாற்றியதும் சுறுசுறுப்பானவையும் உண்டு. இரண்டுக்கும் ஆயில்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மஸ்கட் வெயிலில் கெட்டி ஆயிலும் இளகிவிடும், குளிர்நாட்டில் படுத்தும் பாடு இங்கே படுத்தாமல் இருக்கலாம். ஆனாலும் கம்பெனி சொன்னதை விட்டுவிட்டு வேறு ஊற்ற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நம்பர்களைப் பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் நீங்கள் "90 ரொம்பக் கெட்டி, 40 போட்டால் மைலேஜ் வருமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கியர் ஆயிலின் 90-ம் இன்ஜின் ஆயிலின் 40-ம் வேறு வேறு அளவுகோலில் எழுதியவை. 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயிலின் கனம் 13.5-இலிருந்து 18.5 சென்டிஸ்டோக்குக்குள் (எண்ணெயின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கவேண்டும். இன்ஜின் ஆயிலில் 40 என்றால் 12.5-இலிருந்து 16.3, 50 என்றால் 16.3-இலிருந்து 21.9. அதாவது உங்கள் 90, இன்ஜின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோதான் நிற்கிறது. வித்தியாசம் கனத்தில் இல்லை, உள்ளே கலந்த மருந்தில். டிஃப்ரன்ஷியலுக்கு 75டபிள்யூ-85 என்று உங்கள் புத்தகம் சொன்னால் அதையே போடுங்கள், 85டபிள்யூ-90 என்றால் அதை. பழைய ஹைலக்ஸ் புத்தகங்களில் மைனஸ் 18 டிகிரிக்கு மேல் 90 என்று போட்டிருக்கும். இங்கே எந்தக் காலத்திலும் அதற்குக் கீழே போகப்போவதில்லை. 140 மட்டும் வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேலையை நீங்களே செய்வதாக எழுதியிருக்கிறீர்கள், செய்யலாம். ஹைலக்ஸ் உயரமான வண்டி, சமதரையில் நிறுத்திப் படுத்துக்கொண்டே செய்யமுடியும், ஜாக்கி போடவே வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினால் வண்டி சாய்ந்து ஆயில் அளவே தப்பாகிவிடும் என்பது அதைவிட முக்கியம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், ஆயில் இளகி அடியில் படிந்ததோடு சேர்ந்து வரும். பார்க்கிங் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். போல்ட்டைச் சுற்றி இருக்கும் மண்ணை பிரஷ் வைத்துத் துடைத்துவிட்டே திறங்கள். பழைய துணியோ பனியன் வேஸ்ட்டோ பக்கத்தில் இருக்கட்டும், கியர் ஆயில் வாடை உடுப்பில் பட்டால் மூன்று சலவைக்கும் போகாது.

முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட்டைத் திறங்கள், அது திறந்த பிறகே கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டில் கை வையுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். வாதி கபீரில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு சைட் பிக்கப்பின் முன் டிஃப்ரன்ஷியல் ஆயிலை முழுக்க வடித்துவிட்டேன், ஃபில்லர் போல்ட் அசையவில்லை. அது உள்பக்கம் ஆறுமூலைக் குழி இருக்கும் போல்ட், 10 மில்லிமீட்டர் ஆலன் கீ பிடிக்கும். தேய்ந்த கீயை வைத்து அடித்துத் திருகியதில் குழி உருண்டையாகிவிட்டது. ஆயில் இல்லாத டிஃப்ரன்ஷியலோடு வண்டி நகராமல் இரண்டு நாள் கராஜ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் வெல்டர் வந்து அந்தப் போல்ட்டின் தலையில் ஒரு நட்டை வெல்ட் செய்து ஸ்பேனர் போட்டு எடுத்தார். அர்பாப் (முதலாளி) அன்று அரபியில் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை, அதுவும் நல்லதுதான். ஆலன் சாக்கெட் புதிதாக வாங்குங்கள், குழிக்குள் இருக்கும் மண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி முழு ஆழம் உள்ளே இறக்கிவிட்டுத் திருகுங்கள். பின் டிஃப்ரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் 24 மில்லிமீட்டர் சாக்கெட், அவை இவ்வளவு தொல்லை தராது.

வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். மூன்றையும் வேறு வேறு பாத்திரத்தில் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள், இந்த வேலையின் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது. கறுத்திருந்தால் பயப்படவேண்டாம், ஓடிய ஆயில் கறுக்கத்தான் செய்யும். டிரெயின் போல்ட் முனையில் காந்தம் இருக்கும், அதில் சாம்பல் நிறத்தில் களிம்புபோல் ஒட்டியிருப்பது பல் தேய்ந்த தூள். விரலில் எடுத்து நசுக்கினால் வழுவழுப்பாக இருக்கவேண்டும், 1,42,000 கிலோமீட்டருக்கு அது நியாயமான தேய்மானம். விரலில் நெறுநெறு என்று குத்தினால், நகத்துண்டுபோல் தகடாகவோ பல்லின் முனைபோல் துண்டாகவோ வந்தால், புது ஆயில் ஊற்றி மூடிவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது, உள்ளே ஏதோ உடைகிறது. நடுவில் ஒரு கட்டம் உண்டு, காந்தத்தில் களிம்போடு ஊசிமுனைபோல் நாலைந்து துகள். அதைப் பார்த்து உறுதியாகச் சொல்ல எனக்கும் முடியாது. புது ஆயிலில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போல்ட்டை மறுபடி திறந்து பார்ப்பேன். துகள் வந்திருந்தால் பிரிப்பேன், இல்லையென்றால் பழைய கணக்கு என்று விடுவேன்.

ஆயில் கரக் சாயா (பால் டீ) நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. உங்கள் பழைய ஓனர் வாதிப் பிரியர் என்பதால் இதை எதிர்பார்த்தே திறங்கள். வெயிலில் ஓடிவந்த டிஃப்ரன்ஷியல் கொதிக்கக் கொதிக்க இருக்கும், அப்படியே வாதித் தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்து வெளியே இருப்பதை உறிஞ்சும். அந்த வழியாக இருக்கவேண்டியது ஆக்ஸிலின் மேலே இருக்கும் பிரீதர், காற்று போய்வரும் சின்னத் திறப்பு. அது சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அடைத்த பிரீதர் அடுத்தபடியாக எதிர்மாறாகவும் செய்யும். சூட்டில் காற்று விரிந்து வெளியேற வழியில்லாமல் பினியன் சீல் வழியாகவும் ஆக்ஸில் சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும், பின் பிரேக் டிரம்முக்குள் ஆயில் வருவது பல நேரம் இதனால்தான். சீலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள், ஒரு ரியால்கூட ஆகாத பிரீதரைக் கழற்றிக் கழுவியிருக்க மாட்டார்கள். அதைக் கழற்றி ஊதிப் பாருங்கள். வாதிக்கு அடிக்கடி போவதாக இருந்தால் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போட்டு உயரத்துக்கு ஏற்றிவிடலாம், நான் என் வண்டிக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

சாயா நிறத்தில் வந்தால் ஒருமுறை வடித்தால் போதாது, ஆக்ஸில் குழாய்க்குள்ளும் பேரிங்கிலும் ஒட்டியது வராது. அதே ரகத்தில் விலை குறைந்த ஆயில் ஒன்றை ஊற்றி ஒரு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடியுங்கள், அதன் பிறகு நல்ல ஆயில். டீசல் ஊற்றி அலசலாம் என்பார்கள், நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. உள்ளே தேங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும், அதுவரை பேரிங் வறண்டு சுற்றும். அப்படி அலசியதால் கெட்ட வண்டியைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டால், இல்லை. இது என் அபிப்பிராயம் மட்டும்தான்.

போல்ட்டில் இருக்கும் வாஷர் நசுங்கி அடைக்கும் வகை, பழையதைத் திரும்பப் போட்டால் கசியும், புதிது வாங்கிப் போடுங்கள். டிரெயின் போல்ட்டை இறுக்கியபின் ஃபில்லர் ஓட்டை வழியாக ஊற்றவேண்டும், அங்கே புட்டி நுழையாது. கைப் பம்ப் ஒன்று வாங்குங்கள், அல்லது நீளக் குழாயோடு புனல் வைத்து மேலிருந்து இறக்குங்கள். லிட்டர் கணக்கைவிட ஓட்டையின் கணக்கு நம்பகமானது. ஓட்டையின் அடி விளிம்பில் ஆயில் எட்டி வழியத் தொடங்கும்வரை ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, ஆக்ஸில் குழாய்க்குள் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி விரல் விட்டுப் பார்த்து நிரப்புங்கள். விளிம்புக்கு அரை சென்டிமீட்டருக்குள் கீழே நின்றால் சரி. மாடலுக்கு மாடல் அளவு மாறும். முன்னால் ஒன்றரை லிட்டர், பின்னால் மூன்று நான்கு லிட்டர் என்ற கணக்கில் ஜிஎல்-5 ஆறு லிட்டர் கையில் இருந்தால் நடுவில் கடைக்கு ஓடவேண்டியிராது. இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் இருந்தால் நான் வைக்கும் அளவுகள் இவை: பின்னால் 49 நியூட்டன் மீட்டர், டிரான்ஸ்ஃபரில் 37, முன்னால் ஃபில்லர் 39, டிரெயின் 65. டிரான்ஸ்ஃபர் கேஸ் அலுமினியம், அதில் மட்டும் பலத்தைக் காட்டாதீர்கள்.

இப்போது 140 கதை. செகண்ட் ஹேண்ட் வண்டி விற்பவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. க்ரவுன் ஊளையிட்டால் 140 நம்பர் ஆயிலை ஊற்றிவிடுவார்கள், கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும், வாங்குபவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து திருப்தியாவார். உங்கள் பின் டிஃப்ரன்ஷியலிலிருந்து வெல்லப்பாகுபோல் கனமாக வடிந்தால், சரியான ஆயில் ஊற்றிய மறுநாளே 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஊளைச் சத்தம் கிளம்பலாம். புது ஆயில் கெடுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது முன்னமே இருந்த நோய். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி மாறினால் க்ரவுன் பினியன் பக்கம் சந்தேகப்படுங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே இரைச்சல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கரத்துப் பேரிங்கை முதலில் பாருங்கள். நின்று கிளம்பும்போது ஒரே ஒரு "டங்" என்றால் டிஃப்ரன்ஷியலை விட்டுவிட்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நிப்பிள்களுக்கு கிரீஸ் அடியுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே போய்விடும். எழுத்தில் சத்தத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, இதற்குமேல் நேரில் ஓட்டிப் பார்த்தால்தான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், எச்4 மாட்டிக்கொண்டதோடு இதற்குத் தொடர்பு உண்டு. நாலு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா? பின்னால் புதிதும் முன்னால் மொட்டையுமாக இருந்தால் நேர் ரோட்டிலேயே முறுக்கம் ஏறும். நாலும் சமமாக இருந்தும் நேர் பாதையில், சரளையிலும்கூட, எச்4-இல் இழுத்தால் ஒரு அபூர்வமான சந்தேகம் மிச்சம் இருக்கிறது. விபத்தில் பின் ஆக்ஸில் போய், ஸ்கிராப் மார்க்கெட்டிலிருந்து வேறு ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) ஆக்ஸிலைப் போட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் இரண்டே வண்டி. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் விட்டு, அந்தச் சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் அதுதான் ரேஷியோ. அதை உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த ரேஷியோவோடு ஒத்துப்பாருங்கள். இதற்கு இன்னொரு கை வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால், சைட் வண்டிகளுக்கு நான் 40,000 வைத்திருக்கிறேன். அச்சு மூழ்கும் தண்ணீரில் இறங்கிவிட்டு வந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் அந்த வாரமே ஃபில்லரைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்துவிடுவேன். ஃபோர் வீலையே தொடாமல் வைத்திருப்பதும் நல்லதில்லை. மாதம் ஒருமுறையாவது 16 கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லி டொயோட்டா புத்தகத்திலேயே இருக்கிறது, முன் பக்கத்துப் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. சரளைப் பாதையோ மணலோ பார்த்து ஓட்டுங்கள்.

அதையே இந்த வெள்ளிக்கிழமை செய்யுங்கள், 180 ரியால் கொடுப்பதற்கு முன்னால். ஆயில் மாற்றி முடித்ததும் ஒரு மண் பாதைக்குப் போய் எச்4 போட்டு ஐந்து கிலோமீட்டர் நேராகவும் வளைந்தும் ஓட்டுங்கள், பிறகு ஓடிக்கொண்டே நேராக வரும்போது எச்2-க்குத் திருப்புங்கள். விளக்கு சில நொடியில் அணைந்தால் அந்த டிரான்ஸ்ஃபரை யாரும் இறக்கவேண்டியதில்லை. மண்ணிலும் மினுக்கிக்கொண்டே நின்றால், கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தும் விடாவிட்டால், அப்போது கராஜுக்குப் போங்கள். ஆனால் முதல் வேலையாக ஃபோர் வீலைப் பூட்டி விடுவிக்கும் ஆக்சுவேட்டர் மோட்டாரையும் அதன் வயர் கனெக்டரில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது வெளியிலேயே இருக்கிறது, அதற்காகக் கேஸை இறக்க வேண்டியதில்லை.